பழைய ஃப்ரிட்ஜுக்குப் புது நிறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு சென்னை பெரம்பூரில். ஃப்ரிட்ஜ் வாங்கியது 2012-ல். மெரூன் நிறம், கதவு முழுக்க வெள்ளிப் பூக்கள். அப்போதெல்லாம் பூப்போடாத ஃப்ரிட்ஜைக் கடையில் தேடித்தான் பிடிக்கவேண்டும். குளிர்ச்சியில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அந்தப் பூக்களைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை. நிறம் மாற்றப்போய் முதல் தடவை கெடுத்தேன், இரண்டாம் தடவை ஒப்பேற்றினேன். அதற்குப் பிறகு மடிப்பாக்கம் சித்தியிலிருந்து ஆவடி நண்பர்வரை யார் வீட்டில் எது பழசானாலும் எனக்குத்தான் போன் வருகிறது. அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் கீழே.

இருக்கிற ஃப்ரிட்ஜுக்கே நிறம் மாற்றுவது லாபமா, புதுசு வாங்கிவிடலாமா?

நன்றாகக் குளிர்ந்தால் லாபம்தான். தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். இறுக்கமாக வந்தால் கதவு ரப்பர் நல்லபடி இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் பெயிண்டுக்கு வைத்த காசில் முதலில் ரப்பரை மாற்றுங்கள். கம்ப்ரஸர் நாள் முழுக்க ஓயாமல் ஓடுகிறது, அடித்தகடு பொத்துப்போய்விட்டது என்றால் பெயிண்ட் வெறும் ஒப்பனை. வாரண்டி முடியாத பொருளிலும் கை வைக்காதீர்கள். நாளை ரிப்பேருக்கு வருகிறவர் அந்த நிறத்தையே சாக்காகச் சொல்லலாம்.

ஸ்டிக்கர் ஒட்டுவதா, பெயிண்ட் அடிப்பதா?

ஃப்ரிட்ஜ் நிற்கும் இடத்தைப் பாருங்கள். நம்மூர் அடுக்குமாடிச் சமையலறையில் ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் அரிசி டிரம். கண்ணில் படுவது கதவு மட்டும்தான். சுற்றி நாலு பக்கமும் மாற்றக் கிளம்பி 3 மடங்கு செலவு செய்தவர்களை எனக்குத் தெரியும். கதவை மட்டும் மாற்றினாலே பாதி வீடு மாறின மாதிரி இருக்கும். கறுப்புக் கதவும் மெரூன் பக்கமும் சேருமா என்று கவலைப்பட்டேன். வருகிறவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

வாடகை வீடு, குழந்தை இருக்கும் வீடு, அடிக்கடி மனம் மாறுகிறவர் என்றால் ஸ்டிக்கர். ஓனர் கொடுத்துவைத்த ஃப்ரிட்ஜ் என்றாலும் ஸ்டிக்கர்தான். அதுவும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. மேல்பரப்பில் கீறல், லேசான துரு, உரிந்த பெயிண்ட் என்றிருந்தால் ஸ்டிக்கர் வேண்டாம். அடியில் இருக்கும் துரு ஸ்டிக்கருக்குள்ளேயே பரவி, ஒருநாள் தோசை மாதிரி உப்பிக்கொண்டு வரும். அங்கே பெயிண்டுக்குத்தான் போகவேண்டும்.

ஸ்டிக்கர் எந்த அகலத்தில் வாங்கவேண்டும்?

இதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். ஆன்லைனில் விலை மலிவாகத் தெரியும் ரோல்கள் பல 45 செ.மீ. அகலம். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் கதவு ஏறத்தாழ 53 செ.மீ. நட்டநடுவில் ஒட்டுப்போட்டால் அந்தக் கோடு தினமும் உறுத்தும். 60 செ.மீ. ரோல்தான் பொருந்தும். டபுள் டோரில் சில 60-ஐத் தொடும். டேப்பை வைத்து, கதவின் விளிம்பு மடிப்பையும் சேர்த்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

அதைவிட நல்ல சரக்கு கார்களுக்கு ஒட்டும் வினைல். ரோல் 5 அடி அகலம், தேவையான நீளத்துக்கு வெட்டித் தருவார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் சாமான் கடைகளில் விசாரியுங்கள். காரிலிருந்து வெட்டி மிஞ்சிய துண்டு இருக்கிறதா என்று கேட்டால் இன்னும் மலிவு; ஃப்ரிட்ஜ் கதவுக்கு ஒரு துண்டே போதும். ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடைகளிலும் நாம் கொடுக்கும் படத்தை வினைலில் அச்சிட்டு, மேலே லேமினேஷன் போட்டு, சதுர அடிக் கணக்கில் தருவார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பூப்போட்ட கதவின் மேல் வெள்ளை அல்லது இளநிறம் ஒட்டினால் அடியிலிருக்கும் பூ நிழலாகத் தெரியும். பின்புறம் சாம்பல் பூசிய வினைல் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

குமிழி இல்லாமல் ஒட்ட முடியுமா?

தனி ஆளாக முடியாது. ஒருவர் பின்தாளை உரிக்கவேண்டும், ஒருவர் தேய்த்துக்கொண்டே வரவேண்டும். சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்துக்கொண்டு ஒட்டினால் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். பழைய ஏடிஎம் கார்டைத் துணியில் சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். பிறகும் நிற்கும் குமிழியை ஊசியால் குத்தி அழுத்தினால் போதும். மூலை மடிப்பில் ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து இளக்குங்கள். ஹீட் கன் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

பெயிண்ட் என்றால் எது? வீட்டுச் சுவருக்கு வாங்கி மிச்சம் இருப்பது ஆகுமா?

எமல்ஷன் ஆகாது. வழுவழுப்பான தகட்டில் நகம் பட்டாலே உரியும். ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் சிந்தடிக் எனாமல் நிற்கும், விலையும் குறைவு. ஆனால் பிரஷ் தடம் தெரியும். வெள்ளை என்றால் வெயில் படாத சமையலறையில் சில வருடங்களில் மஞ்சளடித்துவிடும். அடர் பச்சை, நீலம், கறுப்பு என்றால் தாராளமாக எனாமல் அடிக்கலாம். வெள்ளைதான் வேண்டும் என்றால் அக்ரிலிக் ஸ்ப்ரே, இல்லாவிட்டால் பட்டறையில் கொடுத்து, கார்களுக்கு அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட்.

இங்கே என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சிந்தடிக் எனாமல் அடித்து, இரண்டு நாள் காயவிட்டு, பளபளப்புக்காக மேலே டூகோ (கார் பெயிண்ட்) கடையில் வாங்கிய லேக்கர் அடித்தேன். கண்முன்னே பத்து நொடியில் கதவு முழுக்க எண்ணெயில் போட்ட அப்பளமாகச் சுருண்டது. லேக்கரில் இருக்கும் தின்னர் காரமானது. அடியில் முழுசாக இறுகாத எனாமலைத் தூக்கிவிடும். மறுநாள் பெயிண்ட் கடைக்காரரிடம் காட்டினேன். “எனாமல் மேல லேக்கர் போட்டா இப்படித்தான் சார் தூக்கும். லேக்கர் மேல எனாமல் போட்டிருந்தீங்கன்னா ஒண்ணும் ஆயிருக்காது” என்றார். வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். நான் வாங்கும்போதே கேட்டிருக்கலாமே என்பதும் நினைவுக்கு வந்தது.

பிரைமர், நிறம், மேல் பூச்சு மூன்றும் ஒரே குடும்பமாக இருக்கவேண்டும். கடையில் மூன்றையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பூப்போட்ட கதவில் அந்தப் பூ பெரும்பாலும் தகட்டின்மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். கீழ் மூலையில் ஓர் அங்குலத்தில் அடித்து, ஒரு நாள் விட்டுப் பார்த்து, அது இளகாவிட்டால் மட்டும் மேலே போங்கள்.

எத்தனை டப்பா ஆகும்? மொத்தம் எவ்வளவு?

190 லிட்டர் சிங்கிள் டோர் என்று வைத்துக்கொள்வோம். கதவு ஏறத்தாழ 7 சதுர அடி, பக்கம் ஒவ்வொன்றும் 8. கதவு மட்டும் என்றால் 400 மி.லி. ஸ்ப்ரே டப்பா ஒன்றரை. அதாவது 2 வாங்கவேண்டும். பக்கங்களும் சேர்ந்தால் 5. கடைசியில் அரை டப்பா குறைந்து, மறுபடி போய் வாங்கும்போது அதே நிறம் வேறு பேட்ச்சில் ஒரு மாற்றுக் குறைவாகத் தெரியும். ஆகவே ஒன்று கூடவே வாங்குங்கள், பிரிக்காமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுக்கொண்டு. எனக்குக் கதவுக்கு மட்டும் பிரைமர், உப்புத்தாள், டேப், முகமூடி எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. கெடுத்த தடவையின் செலவைச் சேர்க்கவில்லை.

கதவைத் தயார் செய்வது எப்படி? தேய்க்காமல் அடித்தால் என்ன?

தேய்க்காமல் அடித்த பெயிண்ட் ஆறு மாதத்தில் கைப்பிடி ஓரத்தில் உரியத் தொடங்கும். ஆனால் தேய்ப்பதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: எண்ணெய்ப் பிசுக்கு. தினமும் தாளிக்கிற வீடு நம்முடையது. அப்பளம், வடை, பஜ்ஜிப் புகையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத படலமாகக் கதவில் உட்கார்ந்திருக்கும். அதைக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் எண்ணெயைத் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றுகிறோம் என்று அர்த்தம். பிறகு பெயிண்ட் அங்கங்கே பிடிக்காமல் சின்னச் சின்னக் குழிகளாக ஒதுங்கும். பெயிண்டர்கள் அதை மீன்கண் என்பார்கள்.

நான் செய்தது இப்படி. முந்தின நாளே ஃப்ரிட்ஜைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மேல் கீலின் ஸ்க்ரூவைக் கழற்றினால் சிங்கிள் டோர் கதவு மேலே தூக்கி வந்துவிடும். (கதவில் டிஸ்ப்ளே, பட்டன் இருந்தால் கீல் வழியாக ஒயர் போகும், கழற்றாதீர்கள், நின்ற நிலையிலேயே மறைத்து அடியுங்கள்.) பாத்திரம் தேய்க்கும் திரவத்தை வெந்நீரில் கலந்து இரண்டு தடவை கழுவி, நல்ல தண்ணீரில் அலசினேன். போர் தண்ணீரில் அலசினால் உப்பு வெள்ளையாகப் படியும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டேன். வீட்டில் சிரித்தார்கள். காய்ந்த பிறகு 320 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, பளபளப்பு போகும்வரை மட்டும் தேய்த்தேன். தகடு தெரியும்வரை தேய்க்கவேண்டாம். கடைசியாக மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஒரு துடை. அதற்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது. விரல் ரேகையும் எண்ணெய்தான்.

மறைக்கவேண்டியவை: கதவு ரப்பர், ரப்பர் வந்து உட்காரும் சட்டம், பூட்டு, கைப்பிடி. பின்னால் இருக்கும் மாடல் நம்பர் ஸ்டிக்கர் மேல் எந்தக் காரணத்துக்காகவும் பெயிண்ட் படக்கூடாது. ரிப்பேருக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கம்பெனிப் பெயர் எழுத்துகள் பசையில் ஒட்டியவை என்றால் தூண்டில் நரம்பை அடியில் கொடுத்து அறுத்தால் முழுசாக வரும்.

கதவைக் கழற்றியதில் ஒரு பெரிய லாபம் உண்டு. இரண்டு ஸ்டூல் மேல் படுக்கப்போட்டு அடிக்கலாம், வழியாது. நிற்கவைத்து அடிக்கும்போது கொஞ்சம் தாராளமாகப் போனாலும் கண்ணீர்விட்ட மாதிரி கோடுகோடாக இறங்கும். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கதவின் விளிம்புக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். முதல் கை அடித்ததும் பழைய நிறம் பாதி தெரியும், அப்படித்தான் தெரியவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு கை, மெல்லிசாக மூன்று நாலு தடவை. டப்பாவில் மறு பூச்சுக்கு ஒரு மணி நேரத்துக்குள், இல்லாவிட்டால் 24 மணி நேரம் கழித்து என்று போட்டிருந்தால் அதை மதியுங்கள். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் மறுபடி அப்பளம்.

துரு பிடித்திருக்கிறதே?

திருவொற்றியூர், காசிமேடு, கொட்டிவாக்கம் என்று கடல்காற்று அடிக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி நிச்சயம். மற்ற இடங்களிலும் கீழ்ப்பகுதி மட்டும் துருப்பிடிக்கும். தினமும் தரை துடைக்கிற ஈரம்தான் காரணம். 80 நம்பர் தாளால் துருவை முழுக்கச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிந்ததும் அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நம்மூர் ஈரக்காற்றில் காலைக்குள் மறுபடி பழுப்பேறிவிடும். குழி இருந்தால் பட்டி பார்த்துத் தேயுங்கள். பிறகு ஃப்ரிட்ஜை ஒரு ஸ்டாண்ட் மேல் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் இதே வேலை திரும்ப வரும்.

2015 வெள்ளத்தில், மிக்ஜாம் புயலில் தண்ணீரில் நின்ற ஃப்ரிட்ஜ். அடிக்கலாமா?

இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது என்றால் அதுவே பெரிது. ஆனால் தகட்டுக்கும் உள்ளிருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே பியூ நுரை இருக்கிறது. அதற்குள் ஈரம் இறங்கியிருந்தால் துரு உள்ளேயிருந்து வரும். வெளியே எத்தனை கை அடித்தாலும் நிற்காது. கீழ்த்தகட்டை விரலால் தட்டிப் பாருங்கள், பொருபொருவென்று உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

எந்த மாதத்தில், எங்கே வைத்து அடிக்கலாம்?

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமானால் லேக்கர் பெயிண்ட் காயும்போது மேலே வெண்பனி படிந்த மாதிரி வெளுத்துப்போகும். கத்திரி வெயிலிலும் வேண்டாம். தகடு சூடேறி, பெயிண்ட் போய்ச் சேரும் முன்பே காய்ந்து மணல் மாதிரி சொரசொரக்கும். தை முதல் பங்குனிவரை நல்ல காலம். தையிலும் விடியற்காலையில் மொட்டை மாடி பனியில் நனைந்திருக்கும். 9 மணிக்குத் தொடங்கி, மத்தியானக் கடல்காற்று கிளம்பும் முன் முடித்துவிடுங்கள்.

சமையலறையில் அடிக்கவே கூடாது. ஸ்ப்ரே டப்பாவைத் தள்ளும் வாயுவே பெரும்பாலும் எல்பிஜி வகை, தின்னரும் தீப்பிடிக்கும். பக்கத்தில் அடுப்பு, சாமி விளக்கு, ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜின் ஸ்விட்ச், எதில் பொறி வந்தாலும் ஆபத்து. மொட்டை மாடிதான் இடம். ஆனால் அங்கே எதிர்வீட்டு மாமியின் வடகம் காய்கிறதா, யார் துணியாவது கொடியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே தூசி காற்றில் பத்தடிக்கு மேல் போகும். சாம்பல் நிற வடகத்துக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். என்-95 முகமூடி தூசியைத் தடுக்கும், தின்னர் வாடையைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி வாங்குங்கள். வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருந்தால் புதிதாக அடித்ததை அவற்றின் அருகே வைக்காதீர்கள்.

ஆளை வைத்து அடித்தால் எவ்வளவு நன்றாக வரும்?

கை ஸ்ப்ரேயைவிடப் பத்து மடங்கு. கதவை மட்டும் கழற்றி ஆட்டோவில் போட்டு, புதுப்பேட்டையிலோ உங்கள் ஏரியா டிங்கரிங் பட்டறையிலோ கொடுங்கள். பைக் டேங்க் அடிக்கிறவருக்கு இது சின்ன வேலை. என் நண்பர் போனபோது பெயிண்டர், “புது கலர் கலந்தா காசு. நேத்து ஒரு காருக்குக் கலந்தது மிச்சம் இருக்கு, அதுல அடிச்சுத் தரட்டுமா சார்?” என்று கேட்டிருக்கிறார். இப்போது நண்பர் வீட்டில் ஃப்ரிட்ஜ் யாரோ ஒருவருடைய காரின் நீலத்தில் நிற்கிறது. கூலியும் கம்மி. பட்டறையில் அடிக்கும் அந்த டூ-கே (இரண்டு திரவம் கலக்கும்) பியூ பெயிண்டை மட்டும் நீங்களே வாங்கி மாடியில் அடிக்கப் பார்க்காதீர்கள். அதில் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அதன் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல்.

பவுடர் கோட்டிங் பற்றியும் கேட்கிறார்கள். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் செய்கிறார்கள். ஆனால் பவுடரை உருக்க ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வைக்கவேண்டும். ஃப்ரிட்ஜ் கதவுக்குள் இருக்கும் நுரையும் பிளாஸ்டிக்கும் என்னாகும்? ஸ்டாண்ட், கிரில் போன்ற வெறும் இரும்புச் சாமானுக்கு அருமையான வேலை, அவ்வளவுதான்.

ஃப்ரிட்ஜின் பக்கம் சுடுகிறதே, அங்கே அடிக்கலாமா? கறுப்பு அடித்தால் கரண்ட் பில் ஏறுமா?

இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கத் தகட்டின் உள்புறம் ஒட்டி ஓடுகிறது. சுடுவது இயல்பு. மெல்லிய பெயிண்டால் ஒன்றும் ஆகாது. தடித்த ஃபோம் ஷீட், கார்க் ஷீட் ஒட்டினால் சூடு அடைபட்டு கம்ப்ரஸர் திணறும். ஸ்டிக்கரும் அங்கே பசை இளகி ஓரம் சுருளும். அந்தப் பக்கத்தில் ஆணி, டிரில், ஹீட் கன் மூன்றும் கூடாது. பின்னால் லேபிளில் ஆர்-600ஏ என்று இருந்தால் உள்ளே ஓடுவது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு.

கறுப்பு அடித்தால் பில் ஏறாது. வீட்டுக்குள் நேர்வெயில் படாத இடத்தில் நிறம் கண்ணுக்கு மட்டும்தான். வெப்பத்தை வெளிவிடுவதில் கறுப்புப் பெயிண்டும் வெள்ளைப் பெயிண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

வாஷிங் மிஷினுக்கு?

செமி ஆட்டோமேட்டிக் என்றால் விட்டுவிடுங்கள். உடல் பிளாஸ்டிக். உள்பக்கம் ‘பிபி’ என்ற எழுத்து அச்சாகியிருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். பெயிண்டும் பிடிக்காது, ஸ்டிக்கரும் ஒரு மாதத்தில் கழன்று தொங்கும். இரும்பு உடம்புள்ள டாப் லோடுக்குப் பக்கங்களில் அடிக்கலாம், மேல்மூடி சோப்புத் தண்ணீரிலேயே கிடப்பதால் அங்கே நிற்பது கடினம்.

மின்விசிறி?

குறைந்த காசில் அதிகம் தெரியும் மாற்றம் இதுதான். பழுப்பு ஃபேன் மூன்றை நான் வெள்ளையாக்கினேன். ஃபேனுக்கு ஒரு டப்பாவே போதுமானது. எலக்ட்ரீஷியனை வைத்து இறக்கி, றெக்கைகளைக் கழற்றும்போது 1, 2, 3 என்று பென்சிலால் குறித்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே மாட்டுங்கள். மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு. ஒன்றுக்கு மட்டும் கூட ஒரு கை அடித்தால் எடை மாறி ஃபேன் ஆடும். றெக்கை அலுமினியம் என்றால் ரெட் ஆக்சைடு வேண்டாம், அலுமினியத்துக்கான பிரைமரைக் கேளுங்கள். மோட்டார் மூடியில் இருக்கும் காற்றுத் துளைகளை டேப்பால் மறைத்து, அடித்ததும் மறக்காமல் பிரியுங்கள்.

மிக்ஸி, கிரைண்டர்?

மிக்ஸியின் அடிப்பாகத்துக்கு மட்டும், அதுவும் ஸ்டிக்கர்தான். ஜார் உட்காரும் இடத்தைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள். பெயிண்ட் துகள் சட்னிக்குள் போகவேண்டாம். அடியில் காற்றுத் துளைகளை அடைக்கக்கூடாது. டேபிள்டாப் கிரைண்டரின் வெளி உடம்பும் அப்படியே. மாவு வழிகிற இடம் என்பதால் ஓரங்களை நன்றாக மடித்து ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் அடியில் மாவு புளித்து வாடை வரும்.

வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. பெயிண்ட்தான் வழியா?

இல்லை, இங்கே பெயிண்டே வேண்டாம். ஃப்ரிட்ஜ் கைப்பிடி, ரிமோட், பழைய ஸ்டெபிலைசர் மூடி போன்ற ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலாலும் வயதாலும் மஞ்சளாகும். தலைக்கு டை அடிக்கும்போது கலக்கும் 40 வால்யூம் டெவலப்பர் கிரீம் இருக்கிறதே, அது 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. பியூட்டி பார்லர் சாமான் கடையில் கிடைக்கும். பாகத்தைக் கழற்றி, கையுறை போட்டு, சமமாகப் பூசி, சமையல் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வெயிலில் சில மணி நேரம் வையுங்கள். இடையில் ஓரிரு தடவை தடவிச் சமப்படுத்தாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். சென்னை வெயிலால் எனக்கு உருப்படியாக ஒரு வேலை நடந்தது இதில்தான். சில வருடங்களில் மஞ்சள் திரும்பலாம். கரண்ட் இணைப்புள்ள எதையும் கழற்றாமல் செய்யாதீர்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏசி?

உள் யூனிட்டின் முன் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டலாம், மேலே காற்று இழுக்கும் இடத்தை மூடாமல். வெளி யூனிட்டின் பெட்டி துருப்பிடித்திருந்தால் இளநிற எனாமல் அடிக்கலாம். பின்னால் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளின் மேல் ஒரு துளி பெயிண்டும் படக்கூடாது.

கேஸ் அடுப்பு, மைக்ரோவேவ், இஸ்திரிப் பெட்டி, குக்கர்?

கூடாது. மைக்ரோவேவின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் ஸ்டிக்கர். அதன் மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

கதவில் எழுதுகிற மாதிரி செய்ய முடியுமா?

பள்ளிக்கூடத்துக்கு அடிக்கும் கரும்பலகைப் பெயிண்டே போதும். பளபளப்பு இல்லாததால் கையால் அடித்த குறைகளும் தெரியாது. பழகாத கைக்கு நான் சொல்வது இதைத்தான். தங்கை வீட்டில் கதவின் மேல்பாதி பால் கணக்கு, தண்ணீர் கேன் கணக்கு. கீழ்ப்பாதி அவள் மகனுக்கு. மார்கழியில் அவள் மாமியார் அதில் சாக்பீஸால் தினம் ஒரு கோலம் போட்டார். சாக்பீஸ் தூள் கதவு ரப்பரில் சேரும், வாரம் ஒரு முறை துடைக்கவேண்டும்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் போகவில்லையே?

மேட் (பளபளப்பில்லாத) வெள்ளை ஸ்டிக்கரில் குங்குமம் பட்டால் போகாது, சத்தியமாகப் போகாது. பொட்டு வைக்கிற இடத்தில் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டி அதன்மேல் வைத்துவிடுங்கள். எங்கள் அம்மா இதை ஒத்துக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

வாஸ்துப்படி என்ன நிறம்?

எனக்குத் தெரிந்த வாஸ்து, கைரேகை தெரியாத நிறம். மேட் கறுப்பில் எல்லாம் தெரியும். நடுத்தரச் சாம்பலில் ஒன்றும் தெரியாது.

அடித்து எத்தனை நாளில் பயன்படுத்தலாம்?

ஸ்ப்ரே தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். கதவை மறுநாள் மாட்டலாம். ஃப்ரிட்ஜைச் சாய்த்து எடுத்துப் போயிருந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே ஸ்விட்ச் போடுங்கள், கம்ப்ரஸர் எண்ணெய் திரும்பி இறங்கவேண்டும். பெயிண்ட் உள்ளுக்குள் முழுசாக இறுக மூன்று நாலு வாரம் ஆகும். அதுவரை ஈரத்துணி மட்டும், நாரோ பவுடரோ வேண்டாம். காந்தமும் வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்றாம் நாளே திருப்பதி காந்தத்தை ஒட்டிவிட்டார்கள். எடுத்துப் பார்த்தபோது சதுரமாக ஒரு தழும்பு. அந்தப் பெருமாள் இப்போது அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.